அராலிக் கரையும் ஒரு போத்தல் மருந்தும்

அன்பின் ரவி,

உன் கடிதமும் மருந்துப் போத்தலின் படமும் வந்து சேர்ந்தன. நல்லூர்த் தேர் முடிந்து ஊர் ஓய்ந்துவிட்டது, வெயில்தான் ஓயவில்லை. முழங்காலிடம் கேட்டுக் கேட்டுத்தான் நடக்கிறேன். பேத்தி பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் எடுத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நம் பரம்பரையில் ஒருத்தியாவது உருப்படப் போகிறாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். பெறாமகன் அராலிப் பக்கம் கடலட்டைப் பண்ணை போடப் பார்க்கிறான். மேற்புறத்துத் தோட்டக்காரர் சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடிக்கிறார்கள். போத்தலில் செத்த மீன் படம் போட்டிருக்கிறது, பயப்பட வேண்டுமா என்கிறாய். யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படத்தை மட்டும் வைத்து யோசித்தால் பாதி விஷயம் தப்பிவிடும்.

அந்தப் படம் ஆய்வுகூடத்துக் கண்ணாடிப் பாத்திரங்களிலிருந்து வருகிறது. மீனை 96 மணி நேரம், டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை 48 மணி நேரம், பாசியை வழக்கமாக 72 மணி நேரம் மருந்து கலந்த நீரில் வைத்துப் பார்ப்பார்கள். நீர்த்தெள்ளுச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகளை விட்டு, நேரம் வந்ததும் பாத்திரத்தை மெல்ல அசைப்பார்கள். அதற்குப் பிறகு 15 விநாடிக்குள் நீந்தாதது செயலிழந்ததாகக் கணக்கு. கண் கூசும் வேலை. மீனில் பாதியைக் கொல்லும், அல்லது தெள்ளில் பாதியை முடக்கும் செறிவு லீற்றருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ என்றால் முதலாம் வகை நஞ்சு. சைபர்மெத்ரினுக்கு மில்லிகிராம் வரை போகவே வேண்டாம். மீனுக்குச் சில மைக்ரோகிராம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போதும், தெள்ளுக்கு அதிலும் குறைவு. பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்துக்குப் பூச்சியின் உறவான இறாலையும் நண்டையும் விலக்கத் தெரியாது. நம் உடல் இதை விரைவாகச் சிதைத்துவிடும், மீனின் உடலால் அது முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். லீற்றருக்கு 100 கிராம் மருந்து கொண்ட போத்தலில் 10 மில்லிலீற்றர் மூடி ஒன்று எடுத்தால் அதற்குள் ஒரு கிராம். லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராம் வீதம் அது பத்து இலட்சம் லீற்றர் நீருக்குக் காணும். நம் கணக்கில், ஏறத்தாழ நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர் காணியில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர். தெளிகருவியை வாய்க்காலில் கழுவுகிறவனிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிக்கிறார்கள், அது வேறு கதை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை. சைபர்மெத்ரின் தண்ணீரில் நிற்க விரும்பாது. மண்ணிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும், வெயிலில் சிதையும். இரண்டு நாள் கழித்து நீரை அள்ளிச் சோதித்தால் ஒன்றும் இல்லை என்றுகூட முடிவு வரலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம், கடலட்டை வளர்க்காதவன். கடலட்டையோ நீரில் மிதப்பதைத் தேடுவதில்லை. அடிச்சேற்றை விழுங்கி, அதில் உள்ள சத்தை எடுத்துக்கொண்டு மீதியை வெளியே விடுகிற பிராணி. நஞ்சு போய் உறங்குகிற இடம்தான் அதற்குச் சாப்பாட்டுத் தட்டு. போத்தலில் உள்ள படமோ நீரில் நீந்தும் உயிர்களை வைத்துப் போட்டது. சேற்றுக்கென்று தனிச் சோதனை முறைகள் உண்டு, அவற்றை யாரும் லேபிளில் அச்சிடுவதில்லை.

இன்னொன்று, சாகவில்லை என்பதால் சரி என்று ஆகாது. கப்பல் அடியில் பூசிய ட்ரைபியூட்டைல்டின் வண்ணத்தை நினைத்துப் பார். லீற்றருக்கு ஒரு நானோகிராம், அதாவது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவிலேயே பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்தது. உயிர் போகவில்லை, வம்சம் போயிற்று. உலக அளவில் அதற்குத் தடை நடைமுறைக்கு வர 2008 ஆயிற்று. அதனால்தான் குறுகிய காலச் சோதனை எண் மட்டும் கையில் இருந்தால் அதை ஆயிரத்தால் வகுத்துத்தான் பாதுகாப்பான அளவு என்கிறார்கள். ஐரோப்பியர் கடலுக்கென்றால் இன்னொரு பூச்சியம் சேர்த்துப் பத்தாயிரத்தால் வகுக்கிறார்கள். எனக்கு அந்தக் கஞ்சத்தனம் பிடித்திருக்கிறது.

அராலியில் பிரச்சினை எப்போது வரும் என்பதும் தெரிந்ததுதான். வழுக்கையாறு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து வயலும் தோட்டமும் கழுவிய நீரையும் வண்டலையும் கொண்டுவந்து கடல்நீரேரியில் கொட்டும். மருந்து ஒட்டியிருப்பது அந்த வண்டலில்தான். கோடையில் நீர் எடுத்துச் சோதித்து, நல்ல அறிக்கை வாங்கி, பண்ணையைப் போட்டுவிடாதே என்று அவனிடம் சொல். முதல் வெள்ளம் வடிந்த கையோடு, ஆறு விழும் வாயிலும் அவன் வேலி போட நினைக்கும் இடத்திலும் மேற்சேறு எடுக்கட்டும். பிளாஸ்டிக் போத்தலில் வேண்டாம், மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிவிடும். கண்ணாடிப் போத்தலில் எடுத்துக் குளிரில் வைக்கட்டும். ஆற்று வாயிலிருந்து தள்ளி இடம் கிடைத்தால் அதுவே முதல் நல்ல முடிவு.

தோட்டக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டாம் என்றும் சொல். அவர்கள் என்ன அடிக்கிறார்கள், எந்த மாதத்தில் என்று ஒருமுறை போய் இருந்து பேசி எழுதிக்கொண்டு வரட்டும். உன் படத்தில் முன்பக்கம்தான் இருக்கிறது. பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பு, மருந்து எத்தனை வீதம் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
குலம்