அந்த மூன்றாம் பக்கத்து வரி

அன்புள்ள மகளுக்கு,

ஒரு ரிசார்ட்டில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட ஒரு வாரம் தங்கும் உரிமையை, அதாவது டைம்ஷேரை, இப்போதைய உரிமையாளரிடமிருந்து வாங்க நீ அனுப்பிய ஒப்பந்த வரைவை இரண்டு முறை படித்தேன். விலை, வார எண், அறையின் அளவு எல்லாம் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் மூன்றாம் பக்கத்தில், "நிலுவையிலுள்ளவையும் இனி வருபவையுமான கட்டணங்கள் வாங்குபவரைச் சேரும்" என்று ஒரு வரி இருக்கிறது. இனி வருபவை உன்னைச் சேர்வது நியாயம். நிலுவை எப்படி உன் தலையில் ஏறியது என்று விற்பவரிடம் கேட்டாயா?

நீ பள்ளியில் படித்த காலத்தில் நானும் ஒருவரிடமிருந்து இப்படி ஒரு வாரத்தை வாங்கினேன். பெயர் மாறிய மறுமாதமே, அவர் இரண்டு ஆண்டுகளாகக் கட்டாமல் விட்டிருந்த பராமரிப்புக் கட்டணம், அதற்குரிய அபராதத்தோடு என் முகவரிக்கு வந்தது. அதைத் தீர்க்கும்வரை அறையை முன்பதிவு செய்ய விடவில்லை. விற்றவரோ தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ரிசார்ட்டோடு வாதாடியும் பயனில்லை, ஏனெனில் பதிவேட்டில் இன்று யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் அவர்கள் கேட்பார்கள்.

ஆண்டுதோறும் வரும் இந்தப் பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது என்பது பெரும்பாலும் வாங்குபவரும் விற்பவரும் பேசி எழுதிக்கொள்வதுதான். அந்தப் பேச்சில், எந்த ஆண்டின் தங்கலை யார் அனுபவிக்கிறாரோ அந்த ஆண்டின் கட்டணம் அவருடையது என்பதை நீ விட்டுக்கொடுக்கக் கூடாது. வீடு வாங்கும்போது வரியை நாள் கணக்கில் பிரிப்பதுபோல இதையும் பிரித்துவிடலாம் என்று இடைத்தரகர் சொல்லக்கூடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நீ வாங்குவது 10ஆவது வாரம், அது மார்ச் மாதத்தோடு முடிந்துவிடும். ஏப்ரல் இறுதியில் உன் பெயருக்கு மாறினால், மீதி 8 மாதங்களும் நீதான் உரிமையாளர், ஆனால் அந்த 8 மாதங்களில் தங்குவதற்கு உனக்கு ஓர் இரவுகூட இல்லை. அந்த ஆண்டின் கட்டணம் முழுவதும் விற்பவரையே சேர வேண்டும். மாறாக, ஜனவரியிலேயே பெயர் மாறி, அவர் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாரத்தை உனக்கே விட்டுத்தருகிறார் என்றால், கட்டிய தொகையை அவர் திருப்பிக் கேட்பதில் தவறில்லை, கொடுத்துவிடு. (வாங்க ஆள் கிடைக்காமல் தவிக்கும் விற்பவர்கள் அதையும் தாங்களே ஏற்பதுண்டு; கேட்டுப் பார்க்க வெட்கப்படாதே.)

உன் தம்பி பார்த்து வைத்திருக்கும் பாயிண்ட் முறையில், அதாவது குறிப்பிட்ட வாரத்துக்குப் பதில் ஆண்டுதோறும் தரும் பாயிண்ட்களைச் செலவழித்துத் தங்கும் முறையில், இது இன்னும் நுட்பமானது. அடுத்த ஆண்டின் பாயிண்ட்களை முன்கூட்டியே கடனாக எடுத்துச் செலவழிக்கப் பல இடங்களில் அனுமதி உண்டு. விற்பவர் அப்படி எடுத்திருந்தால், வாங்குபவர் அடுத்த ஆண்டுக்கு முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வெறும் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவனிடமும் சொல்லிவை.

ஆகவே கையெழுத்திடுமுன் ரிசார்ட்டிடமிருந்தே எழுத்து மூலமாக ஒரு நிலைக் கடிதம் கேள். விற்பவர் காட்டும் ரசீது போதாது. எந்த ஆண்டு வரை கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது, இந்த ஆண்டின் வாரம் பயன்படுத்தப்பட்டுவிட்டதா, கூரை மாற்றுவது போன்ற பெரிய வேலைக்காகச் சிறப்புக் கட்டணம் ஏதேனும் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். சிறப்புக் கட்டணம் இன்று அறிவிக்கப்பட்டு, கட்ட வேண்டிய தேதி நீ வாங்கிய பிறகு வருவதுண்டு. அறிவிப்பு எப்போது வந்ததோ அப்போதைய உரிமையாளரே கட்ட வேண்டும் என்று எழுதிவிடு. பெயர் மாற்றக் கட்டணம் உன் செலவு என்று நீயே ஒத்துக்கொண்டாய், அது போகட்டும்.

பெயர் மாற்றம் முடியப் பல வாரங்கள் ஆகலாம். அதற்குள் அடுத்த ஆண்டின் பில் விற்பவர் முகவரிக்குப் போய்விடக்கூடும். அதனால் அந்த மூன்றாம் பக்கத்து வரியை அடித்துவிட்டு, "வாங்குபவர் முதன்முதலாகத் தங்கும் ஆண்டிலிருந்து கட்டணம் வாங்குபவருடையது, அதற்கு முந்தைய எல்லாம் விற்பவருடையது" என்று எழுதி, அந்த ஆண்டை எண்ணாகவே குறிப்பிடச் சொல். திருத்திய பக்கத்தையும் ரிசார்ட் தரும் கடிதத்தையும் எனக்கு அனுப்பு, முன்பணம் அதன்பிறகு போகட்டும்.

அன்புடன்,
அப்பா