‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்

வயதான அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு,

வணக்கம்.

என் அம்மாவின் இடது முழங்கையில் எப்போதும் ஒரு கன்றிப்போன இடம் இருக்கும். கதவு நிலையில் இடித்துக்கொள்வார். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. கேட்டால், “கவனிக்காம வந்துட்டேன்” என்பார். நான் இடது பக்கமாகப் போய் நின்றால் திடுக்கிட்டுத் திரும்புவார். “வயசாச்சுல்ல, அப்படித்தான்” என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன்.

இப்படியே மூன்று வருடம் போனது. அதற்குள் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினோம். இரண்டு தடவையும் கடையிலேயே பவர் பார்த்தார்கள். சுவரில் இருந்த எழுத்துப் பலகையை அம்மா கடைசி வரிக்கு முந்தின வரி வரை தடங்கலில்லாமல் படித்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது தடவை ஒரு கண் மருத்துவர் கண்ணுக்குள் பார்த்தார். பார்வை நரம்பைப் பார்த்துவிட்டு, பக்கப் பார்வைக்கான சோதனையும் எடுக்கச் சொன்னார். இடது கண்ணில் பார்வைப் பரப்பில் பாதிக்கு மேல் போயிருந்தது. க்ளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். “போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்” என்றார்.

உங்களுக்கு இதை எழுதுவது அந்த மூன்று வருடத்துக்காகத்தான். அம்மா மறைக்கவில்லை. முழங்கை தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்க வேண்டியவன் நான், வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

க்ளாக்கோமா எப்படி இவ்வளவு நாள் தெரியாமல் இருந்தது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். பெரும்பாலும் அது ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும். நடுப்பார்வை ரொம்ப நாள் நன்றாகவே இருக்கும். படிக்கலாம், முகம் தெரியும், எழுத்துப் பலகையில் முழு மதிப்பெண் வாங்கலாம். வலி இல்லை, சிவப்பு இல்லை. ஒரு கண்ணில் விட்டுப்போனதை இன்னொரு கண் நிரப்பும், மிச்சத்தை மூளை தானாகப் பூசி நிரப்பிவிடும். அதனால் இருட்டுத் திட்டு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அந்த இடம் இல்லாமலே போயிருக்கும். கண் அழுத்தம் 10 முதல் 21 mmHg வரை இருந்தால் இயல்பு என்பார்கள், ஆனால் அந்த எல்லைக்குள் இருப்பவர்களுக்கும் இந்த நோய் வரும். ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பினால் போதாது. நரம்பைப் பார்க்க வேண்டும்.

அதனால் முதல் வேண்டுகோள் இது. பவர் பார்ப்பது வேறு, கண்ணைப் பார்ப்பது வேறு. கண் பாப்பாவை விரியவைக்கும் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையையும் நரம்பையும் பார்க்கிற பரிசோதனை வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் வருடம் தவறாமல் வேண்டும். சர்க்கரையால் விழித்திரையின் நுண் ரத்தக்குழாய்கள் கெடும்போது தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. நன்றாகத் தெரிகிறதே, எதற்குப் போக வேண்டும் என்று அவர்கள் கேட்கிற காலம்தான் வைத்தியம் நன்றாகப் பலிக்கிற காலம்.

அந்த மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வெளிச்சத்தில் கண் கூசும். கூட ஒருவர் போக வேண்டும். அம்மா தள்ளிப்போட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு சொன்னார். என்னை லீவு போடச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தயக்கம் இருக்கலாம். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே நாள் குறித்துவிடுங்கள்.

சரி, வயதால் மட்டும் வருவது எது? வெள்ளெழுத்து அப்படி வருவதுதான். நாற்பதைத் தாண்டும்போது கண்ணின் லென்ஸ் இளக்கம் இழக்கிறது, பக்கத்தில் இருப்பது தெளியாது. கண்ணாடி போட்டால் தீர்ந்தது. வெளிச்சம் அதிகம் தேவைப்படுவதும் வயதால்தான். கண் பாப்பா சுருங்கி, லென்ஸ் மஞ்சள் பூத்துவிடுவதால், அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதில் கிடைத்த வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. “ஏன் இவ்வளவு வெளிச்சம், அந்த விளக்கை அணைங்க” என்று நாம் சொல்கிற அறையில் அவர்கள் மங்கலில் உட்கார்ந்திருப்பார்கள். படிக்கிற இடத்தில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி ஒரு நல்ல விளக்கு, கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு, படி விளிம்பில் பளிச்சென்று வேறு நிறத்தில் ஒரு பட்டை. இதற்கெல்லாம் மருத்துவர் வேண்டியதில்லை.

புரை பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் பழைய பேச்சு இன்னும் போகவில்லை. “புரை முத்தணும், அப்புறம்தான் ஆபரேஷன்” என்பது அந்தக் காலத்து அறுவை முறைக்குச் சொன்னது. இன்று அன்றாட வேலைக்குத் தொந்தரவு வந்தாலே போதும். ரொம்ப முற்றவிட்டால் லென்ஸ் கல்லாக இறுகி அறுவைதான் கடினமாகும். எதிரே வரும் வண்டி விளக்கு சிதறிக் கண்ணை அடிப்பது, நிறங்கள் வெளுத்துத் தெரிவது, பவர் அடிக்கடி மாறுவது எல்லாம் புரையின் பேச்சு. கண்ணாடி இல்லாமலே திடீரென்று படிக்க முடிகிறது என்று அப்பா சந்தோஷப்பட்டால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புரையால் லென்ஸ் இறுகும்போது கொஞ்ச காலத்துக்குக் கிட்டப்பார்வை வந்து அப்படி ஆவதுண்டு. சொட்டு மருந்தால் புரை கரையாது. அப்படிச் சொல்லி விற்கப்படுவது எதையும் கண்ணில் விடாதீர்கள்.

புரை அறுவையில் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். “கண்ணுக்குள்ள பிளாஸ்டிக் வைப்பாங்களாமே” என்று அம்மா பயந்தார். பயம் நியாயமானதுதான், கண்ணுக்குள் வெளிப்பொருள் ஆகாது என்றுதான் மருத்துவர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் அக்ரிலிக் மூடி உடைந்து துகள்கள் விமானிகளின் கண்ணுக்குள் போயும் கண் அதைப் பொறுத்துக்கொண்டதைக் கவனித்த ஆங்கிலேயக் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, 1949-ல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். இதைக் கதையாகச் சொன்ன பிறகுதான் அம்மா வலது கண் புரைக்குச் சம்மதித்தார். அறுவைக்குப் போகிறவர் ஆணாக இருந்து, புராஸ்டேட்டுக்காகத் தாம்சுலோசின் மாத்திரை சாப்பிட்டிருந்தால், நிறுத்தியே பல மாதம் ஆகியிருந்தாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து அறுவையின்போது கருவிழித் திரையைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் அதற்கு ஏற்பாடு செய்துகொள்வார்கள். சில மாதம் அல்லது சில வருடம் கழித்து மறுபடி மங்கினால், புரை திரும்பி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்குவது அது. சில நிமிட லேசரில் சரியாகிவிடும்.

மாகுலா என்பது விழித்திரையின் மையம். அது சிதைந்தால் க்ளாக்கோமாவுக்கு நேர் எதிர்: ஓரம் இருக்கும், நடுவில் மறைக்கும். நடந்து போவார்கள், எதிரில் வருபவரின் முகம் தெரியாது. உறவினர்கள், “பார்த்தும் பேசாமப் போறாங்க” என்று கோபப்படுவார்கள். நேர்க்கோடு வளைந்து தெரிவதுதான் இதில் கவனிக்க வேண்டிய அறிகுறி. கதவு நிலையோ ஜன்னல் கம்பியோ நெளிந்து தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் அடுத்த கண். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். இதில் ரத்தக்குழாய்கள் கசிகிற ஈர வகைக்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். கேட்டதும் நடுக்கம் வரும், ஆனால் மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். சீக்கிரம் போட்டால் இருக்கிற பார்வை பெரும்பாலும் தங்கும், சிலருக்குக் கொஞ்சம் திரும்பவும் வரும். புகைபிடிக்கிறவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். நிறுத்தச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாத சில உண்டு. திடீரென்று மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல மறைத்தாலோ விழித்திரை பிய்ந்திருக்கலாம். அன்றைக்கே போங்கள். ஒரு கண் வலியில்லாமல் சட்டென்று இருண்டால், பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாலும், பக்கவாதத்துக்கு ஓடுகிற மாதிரி ஓடுங்கள். கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது கண் அழுத்தம் திடீரென்று ஏறியதாக இருக்கலாம். தலைவலி, பித்தம் என்று படுக்கவைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாகத் தலைவலி வந்து, தலை சீவும்போது உச்சி வலித்து, மெல்லும்போது தாடை வலித்தால், அது பார்வையைப் பறிக்கக்கூடிய ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நேரத்தில் மருந்து கொடுத்தால் கண் பிழைக்கும்.

க்ளாக்கோமாவுக்கு விடும் சொட்டு மருந்து பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இரண்டாவது முறை தவறியது அங்கேதான். மருந்து வாங்கிக் கொடுத்தேன், வேளை சொன்னேன், முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து அழுத்தம் இறங்கவில்லை என்றார்கள். அன்று இரவு அம்மா மருந்து விடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தலையை நிமிர்த்தினார், கை நடுங்கியது, பாட்டிலை அழுத்தக் கண்ணை மூடிக்கொண்டார். சொட்டு இமையில் விழுந்து கன்னத்தில் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “விட்டுட்டேன்” என்றார். தினமும் அப்படித்தான் விட்டிருக்கிறார். நனைந்தது தெரிந்ததால் உள்ளே போய்விட்டது என்று நம்பியிருக்கிறார்.

இப்போது நான் விடுகிறேன். படுக்கச் சொல்லி, கீழ் இமையை மெதுவாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி இருக்கும். அதில் ஒரே ஒரு சொட்டு. அதற்கு மேல் கண் தாங்காது, வழிந்துதான் போகும். பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கும் உடம்புக்கும் அதிகம் போகாது. டிமோலால் போன்ற மருந்துக்கு இது முக்கியம், ஏனென்றால் அது ரத்தத்தில் கலந்தால் நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டவைக்கும். கண்ணுக்கு விடுவதுதானே என்று மற்ற மருத்துவர்களிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். இரண்டு மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். கண் சிவந்தால் அலமாரியில் இருக்கும் பழைய சொட்டு மருந்தை எடுத்து விடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் ஸ்டீராய்டு இருந்து, நாள்கணக்கில் விட்டால், அழுத்தமும் ஏறும், புரையும் வரும்.

இன்னொன்று, பலர் வெளியே சொல்லாதது. பார்வை வெகுவாகக் குறைந்த சில பெரியவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரியும். மனிதர்கள், சின்னக் குழந்தைகள், பூ வேலைப்பாடு போட்ட சுவர். கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானாகப் படம் வரைகிறது, அவ்வளவுதான். சார்லஸ் பானே என்ற சுவிஸ் அறிஞர் தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760-ல் எழுதிவைத்தார். அவர் பெயரில்தான் இந்த நிலையைச் சொல்கிறார்கள். அவை பேசாது, தெரிவது நிஜமில்லை என்பதும் பார்ப்பவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் வெளியே சொன்னால் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து தனியாகவே தாங்குவார்கள். உங்கள் அப்பா வெறும் நாற்காலியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் மெதுவாகக் கேளுங்கள்: “ஏதாவது தெரியுதாப்பா? இப்படிச் சிலருக்குத் தெரியுமாம், அது மனக்கோளாறு இல்லையாம்.” மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கண் மங்கியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வதும், வெளியே வர மறுப்பதும், பெயர் தப்பாகச் சொல்வதும் மறதி நோய் போலவே இருக்கும். கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு மறதி நோய்க்கே வழிவிடலாம் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கான காரணிகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஆகவே ஞாபகம் குறைகிறது என்று கூட்டிக்கொண்டு போகும்போது கண்ணையும் காட்டிவிடுங்கள். புதுக் கண்ணாடி போட்ட முதல் சில வாரங்கள் கையைப் பிடித்து நடத்துங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியாக வரும் பைஃபோகல், புரோகிரசிவ் இரண்டிலும் கீழ்ப்பாதி கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க என்பதால், படி இறங்கும்போது படி மங்கும். அந்த நேரத்தில்தான் விழுவார்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மடல் பெற்றோரின் கண்ணைப் பற்றியது என்று நினைத்து முடித்துவிடாதீர்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ க்ளாக்கோமா இருந்தால் பிள்ளைகளுக்கும், கூடப் பிறந்தவர்களுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அம்மாவின் சீட்டை எழுதி முடித்த மருத்துவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்க எப்போ காட்டினீங்க?” என்று கேட்டார். நான் காட்டியதே இல்லை. அன்றைக்கே அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுத்தம் சரியாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது, அடுத்த வருடம் வாருங்கள் என்றார். அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நாளில் தேதி குறித்துவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓர் அம்மாவின் மகன்