ஆட்டம் எங்கும் போய்விடவில்லை, செல்வம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்துக் காட்டியதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவர்களுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி எல்லாரும் நலம்.

கடிதத்தில் பாதிக்கு மேல் செஸ் ரேட்டிங், அதாவது ஆட்டத் திறமைக்குத் தரும் புள்ளி, இறங்கின வருத்தம்தான். "இனிமேல் செஸ் நமக்கு வேண்டாம்டா" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மனசே ஆறவில்லை.

முதலில் கணக்கைப் பார். ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் கே-ஃபேக்டர் நம் மாதிரி ஆட்களுக்கு 20. சம ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 10 புள்ளி போகும், 200 குறைவானவரிடம் தோற்றால் 15. இப்போது டோர்னமெண்டுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் பலர் தங்கள் ரேட்டிங்கைவிட நன்றாகவே ஆடுகிறார்கள். அப்படி நாலு பேரிடம் தோற்றால் 60 புள்ளி காலி. சனி, ஞாயிறு இரண்டு நாளில் புள்ளி போகலாம், ஆட்டம் மறந்துபோகுமா?

வேலையும் செஸ்ஸும் என்றால் எனக்கு பாட்வின்னிக்தான் ஞாபகம் வருகிறார். 1948இல் உலக சாம்பியன் ஆனவர், அடுத்த மூன்று வருஷம் போட்டிகளில் ஆடவே இல்லை. மின்பொறியியல் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தார். 1951இல் பட்டத்துக்காக பிரான்ஸ்டைனோடு 24 ஆட்டம் ஆடியபோது 22 ஆட்டம் முடிந்து ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார். 23ஆவதில் ஜெயித்து, கடைசி ஆட்டத்தை டிரா செய்து, 12-12 என்று சமன் செய்தார்; சமன் என்றால் பட்டம் சாம்பியனுக்கே என்பதால் அதைக் காப்பாற்றிக்கொண்டார். நம் ஆனந்தும் 2013இல் சென்னையில் கார்ல்சனிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் பட்டத்தை இழந்தார். நாலே மாதத்தில், சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவுசெய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியில் முதலிடம்!

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்து தூக்கக் கண்ணோடு பிளிட்ஸ் என்கிற அதிவேக செஸ் ஆடுகிறாயே, அதை முதலில் விடு. தோற்ற கோபத்தில் அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த அரைமணி நேரத்தில் தோற்ற ஆட்டம் ஒன்றை எடுத்துவைத்துக்கொள். எஞ்சினை, அதான் செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராமை, திறக்காமல், எந்த நகர்த்தலில் ஆட்டம் கைவிட்டுப் போனது, அப்போது என்ன நினைத்தாய் என்று எழுது. எஞ்சின் அப்புறம் பார்க்கட்டும்.

ஓபனிங்கை, அதாவது ஆட்டத் தொடக்க நகர்த்தல்களை, இப்போதைக்குத் தொடாதே. அது ஓயாமல் புதுப்பிக்கச் சொல்லும், உனக்கு நேரம் இல்லை. ரூக் (யானை) மிஞ்சும் கடைசிக் கட்டமான ரூக் எண்டிங் அப்படி இல்லை, ஒருமுறை கைக்கு வந்தால் நிற்கும். அதில் லூசெனா என்கிற நிலையைப் போர்டில் வைத்துப் பார்: உன் ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, ரூக் இ1; எதிராளியின் ராஜா டி7, ரூக் எச்2. நேராக ராஜாவை வெளியே எடுத்தால் செக் கொடுத்தே துரத்துவான். அதனால் முதலில் ரூக்கை இ4-இல் வை. பிறகு ராஜா எஃப்7, ஜி6, எஃப்6 என்று செக்குக்கு ஒதுங்கி ஜி5-க்கு இறங்கும். அவன் கடைசி செக் கொடுத்ததும் ரூக்கை ஜி4-இல் குறுக்கே போடு. அவ்வளவுதான், சிப்பாய் ராணி. கண்ணை மூடிக்கொண்டு வரும்வரை ஆடிப் பார்.

டோர்னமெண்டைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடலாம், தப்பில்லை. அதுவரை நாம் இருவரும் தினம் ஒரு நகர்த்தல் என்று போனில் ஒரு ஆட்டம் ஆடுவோம். வெள்ளை உனக்கு. இதைப் படித்து முடித்ததும் முதல் நகர்த்தலை அனுப்பு.

அன்புடன்,
குமார்