எல்லாம் பெல்ஜியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கீழக்கரை, தொண்டிப் பக்கம் பழைய கண்ணாடிச் சாமான் எதைக் கண்டாலும் 'பெல்ஜியம்' என்று சொல்லிவிடுகிறோம். ரங்கூன், கொழும்பு, பினாங்கு போய்வந்தவர்கள் கொண்டுவந்த வண்ணப் பூச்சாடிகள் இப்போது நிறத்தை மட்டும் பார்த்து விலைபோகின்றன. முதலில் ஜாடியைக் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும்.

ஊதிச் செய்த ஜாடிக்கு வாய் திருத்தும்போது அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடிப்பார்கள். அதை முறித்த இடம் விரலில் கரடுமுரடாகத் தட்டுப்படும். நல்ல பட்டறைக்காரர்கள் அந்த வடுவைச் சாணைபிடித்துக் காசளவு குழியாக்கிவிடுவார்கள். இன்றும் இப்படித்தான் ஊதுகிறார்கள் என்பதால், வடு கைவேலைக்குத்தான் சாட்சி. வயதைத் தேய்மானத்தில் தேடுங்கள். மேசையில் படும் வளையத்தில் மட்டும் நுண்கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் நம்பலாம். கீறலெல்லாம் ஒரே வாட்டத்தில் ஓடினாலோ, மேசையில் படவே வழியில்லாத குழிக்குள்ளும் இருந்தாலோ அது உப்புத்தாள் வேலை.

கள்ளநோட்டு பார்க்கும் டார்ச்சை இருட்டில் அடித்தால் பளீர்ப் பச்சையாக ஒளிர்வது யுரேனியம் கலந்த கண்ணாடி. 1830-களிலேயே பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள், ஒளிர்வதெல்லாம் பழசாகாது. மங்கலாக ஒளிர்ந்தால் வெறும் மாங்கனீசாக இருக்கலாம்.

'செக்கோஸ்லோவாக்கியா' என்று முத்திரை இருந்தால் 1918-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. பிரான்சின் கண்ணாடிக் கலைஞர் 'காலே' (Gallé) பெயர் புடைத்திருந்தால் பக்கத்தில் 'டிப்' (TIP) என்று மூன்று ஆங்கில எழுத்துகள் உண்டா பாருங்கள். ருமேனிய நகல்களில் 'அந்த மாதிரி' என்ற பொருளில் போடுவது அது. அதைச் சாணையில் அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு, பெயரை ஒட்டி லேசான பள்ளம் தெரியும். எண்ணெய்ப் படலம்போல் பல நிறம் மினுங்கும் மீன், யானை, கை உருவ ஜாடியில் 'ஜெயின்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது நம் பெரோசாபாத் சரக்கு. உள்நாட்டுச் சாமான்தானே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள், வெளிநாட்டில் தேடிச் சேர்க்கிறார்கள்.

நம் கரையில் இன்னொரு வில்லங்கம், உள்ளே படியும் வெண்மை. சவர்த்தண்ணீர் ஊற்றிப் பூ வைத்ததால் வந்த உப்புப்படிவு என்றால், வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊற்றிவைத்தால் கரைய ஆரம்பிக்கும். பொன்பூச்சோ மினுக்கமோ உள்ள ஜாடிக்கு இந்த வேலை வேண்டாம். புளி, துலக்கும் பொடி கிட்டேயே போகக்கூடாது. வினிகருக்கும் அசையாத வெண்மை படிவே இல்லை. ஈரம் கண்ணாடியிலுள்ள காரத்தை இழுத்து, கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. அதைத் தேய்த்துப் போக்க முடியாது. விற்பவர் சிலர் உள்ளே எண்ணெய் தடவி மறைப்பார்கள். பணத்தை எடுக்குமுன் உள்ளே விரலை விட்டுத் துழாவி, மோந்து பாருங்கள்.

– வாசகர், கீழக்கரை