30 சென்ட் நிலமும் வீட்டுக் கடனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிராமத்தில் 30 சென்ட், 40 சென்ட் நிலம் வாங்கி அதில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு வீட்டுக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதை வங்கிக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதித் தலைவலி குறையும். சொல்வதில்லை. "பட்டா, சிட்டா, மூலப்பத்திரம் எல்லாம் கொண்டு வாங்க சார், பார்க்கலாம்" என்கிறார்கள். நாமும் 30 வருட வில்லங்கம் போட்டு, எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்) எடுத்து, வக்கீல் ஃபீஸ், இன்ஜினியர் ஃபீஸ் எல்லாம் கட்டி முடித்த பிறகு "இது புஞ்சையாச்சே சார்" என்று பதில் வருகிறது. பட்டாவில் புன்செய் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அதைப் படிக்க எதற்கு வக்கீல்?

ஒட்டன்சத்திரம் பக்கம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விற்பவர் எனக்குச் சித்தப்பா முறை. வங்கி அனுப்பிய இன்ஜினியர் வந்து பாதையின் அகலத்தை டேப் வைத்து அளந்தார், நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், நிலத்தோடு என்னையும் நிற்க வைத்து ஒரு போட்டோ, அவ்வளவுதான் கிளம்பிவிட்டார். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்ப்பா, தென்னைய எண்ணவே இல்லையே, அப்புறம் எதுக்கு வந்தாரு?" என்று சித்தப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் வற்றாத கிணறுக்கும் காய்க்கிற மரத்துக்கும் அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது போல.

வங்கியை மட்டும் திட்டிப் பயனில்லை, காரணம் சட்டத்தில் இருக்கிறது. 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தின்படி, வீட்டுக் கடன் கட்டாதவருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வங்கி சொத்தை எடுத்து ஏலம் விடலாம். ஆனால் அதே சட்டத்தின் 31-வது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்குக் கொடுக்கிறது, அதை அப்படி ஏலம் விட முடியாது என்பதால்தான் வங்கி பயப்படுகிறது. விவசாயியின் நிலம் பறிபோகக் கூடாது என்று வைத்த விலக்கு, நல்ல விலக்குதான், அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இதே நிலத்தை வைத்துக்கொண்டு பம்ப் செட்டுக்கும் சொட்டு நீருக்கும் டிராக்டருக்கும் விவசாயக் கடன் கொடுக்கிறார்கள் இல்லையா? அங்கே வராத பயம் வீட்டுக்கு மட்டும் ஏன் வருகிறது?

சரி, பத்திரத்தில் மனை என்று எழுதிக்கொள்ளலாமே என்றால் அதற்கும் வழியில்லை. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு, அங்கீகாரம் இல்லாத நிலத்தைப் புதிதாக வீட்டுமனை என்று பத்திரம் போட்டால் சார்பதிவாளர் பதிய மாட்டார். விவசாய நிலம் என்று எழுதினால் பதிவார், வங்கி கடன் தராது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நிலம் வாங்கவே கடன் தரும் திட்டங்கள் இல்லாமல் இல்லை. பொதுத்துறை வங்கியில் சிறு, குறு விவசாயிகளுக்கும் நிலமில்லாத கூலித் தொழிலாளர்களுக்கும் உண்டு. தமிழக அரசு நிறுவனமான தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில் நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண் தொழிலாளர்களுக்கு மானியமே உண்டு. அவை அவர்களுக்குப் போகட்டும், அதுதான் நியாயம். என்னைப் போல டவுனில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்ப நினைப்பவனிடம் கடைசியில் நீட்டப்படுவது பர்சனல் லோன். 10 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக் கடன் என்றால் மாதம் சுமார் 8,700 ரூபாய், அதே 10 லட்சத்தை 12 சதவீத வட்டியில் 5 வருட பர்சனல் லோனாக வாங்கினால் மாதம் 22,000-க்கு மேல். யாரால் முடியும்?

முடியாதவர்கள் விலகிக்கொள்ள, அந்த நிலத்தை யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். மொத்தமாகப் பணம் வைத்திருக்கும் லேஅவுட்காரர் வாங்குகிறார், தென்னையை வெட்டிக் கிணற்றை மூடி, கல் நட்டு, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கிவிடுகிறார். உடனே அதே மண்ணுக்கு எல்லா வங்கியும் கடன் தருகிறது! மரத்தையும் கிணற்றையும் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்பவனுக்குக் கடன் இல்லை, அழிப்பவருக்குப் பின்னாலேயே கடன் போகிறது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. உருப்படியான திட்டம். அதுபோல, சொந்த நிலத்தில் வீடு வரும் ஐந்தரை சென்ட்டை மட்டும் (கிட்டத்தட்ட 2,400 சதுர அடி) உட்பிரிவு செய்து, உபயோகம் மாற்றி, தனிப் பட்டா கொடுக்க ஒரு சுலப வழி வைத்தால் என்ன? வங்கி அந்த ஐந்தரை சென்ட்டையும் வீட்டையும் அடமானம் வாங்கிக்கொள்ளட்டும், மீதி நிலம் விவசாயமாகவே இருக்கட்டும். இப்போதும் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்தான், நகர் ஊரமைப்பு அலுவலகம், வருவாய்த் துறை, நஞ்சையாக இருந்தால் வேளாண்மைத் துறை என்று ஃபைல் சுற்றிவருவதற்குள் விற்பவர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். என் விஷயத்தில் சித்தப்பா பொறுத்துக்கொண்டிருக்கிறார், எத்தனை நாளைக்கு என்று அவரைக் கேட்க எனக்கு வாயில்லை.

இன்னொன்று, இது உங்களுக்கே. ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரத்தில் "பண்ணை நிலம், 10 சென்ட் முதல், வங்கிக் கடன் வசதி உண்டு" என்று வாராவாரம் வருகிறது. எட்டுக்கு மேற்பட்ட மனைகளையோ 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தையோ பிரித்து விற்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் போட்டுத்தான் விளம்பரம் செய்ய வேண்டும், "பண்ணை நிலம்" என்று பெயர் வைத்து அதிலிருந்து நழுவுகிறார்கள். அவர்கள் சொல்லும் கடன் எந்த வகைக் கடன் என்றாவது விளம்பரம் வாங்கும்போது கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்.