பதினைந்தாவது மட்டை

திருவிடைமருதூர்
மாசி 4

அன்புள்ள சீனு,

பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும். போன் பண்ணினால் ரெண்டு நிமிஷத்தில் "அப்புறம்?" என்று கேட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். சம்பா அறுத்தாயிற்று, மாவுக்கு ஒன்பது மூட்டை. உளுந்து முளைத்து நிற்கிறது. கொள்முதல் நிலையத்தைப் பற்றி மட்டும் கேட்காதே.

மாப்பிள்ளைக்கு துபாய்க்கு மாற்றல். சென்னை வீட்டைக் காலி பண்ணியபோது தன் கோல்ஃப் பையைக் கொண்டுவந்து ரேழியில் சாத்திவிட்டுப் போய்விட்டார். விலையைக் கேட்டதும் மங்களம் அதற்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கலாமா என்றாள். நான் பிரித்து எண்ணினேன், 15 மட்டை. போன் பண்ணினால், "மாமா, ஆட்டத்துக்கு 14தான் கொண்டு போகலாம், ஒன்று உபரி" என்கிறார். புல்லில் பந்தை மெதுவாக உருட்டிக் குழியில் விடுகிற மட்டைக்குப் பெயர் பட்டர். எனக்குச் சாரங்கபாணி கோயில் பட்டர்தான் ஞாபகம் வந்தார். உனக்கும் வரும், புளியோதரை ஞாபகத்தோடு.

அன்று ராத்திரி ஆரம்பித்தது பித்து. பன்னிரண்டு மணிவரை கைபேசியும் கையுமாக இருக்கிறேன்.

அந்தப் பதினைந்தாவது மட்டை ஒருத்தர் குடியைக் கெடுத்த கதை கேள். 2001, பிரிட்டிஷ் ஓபன், கடைசி நாள். இயான் வூஸ்னம் அன்று காலை முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தவர். முதல் குழியில் முதல் அடியே உள்ளே விழ இருந்தது. இரண்டாவது குழிக்கு வந்ததும் பை தூக்குகிறவர் மெதுவாகச் சொல்கிறார், பையில் டிரைவர், அதாவது பந்தைத் தொலைதூரத்துக்கு அடிக்கிற பெரிய மட்டை, இரண்டு இருக்கிறது என்று. பயிற்சிக்கு எடுத்ததைத் திரும்ப வைக்க மறந்துபோனார். இரண்டு அடி அபராதம். மனுஷர் தொப்பியைக் கழற்றி எறிந்தார், அந்த டிரைவரையும் புதரைப் பார்த்து வீசினார். மூன்றாம் இடத்தைத்தான் பகிர முடிந்தது. பை தூக்கியவரை அன்று வேலையை விட்டு நீக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு போட்டிக்குத் தூங்கிப்போய் வராமல் இருந்தாராம், அப்போதுதான் வூஸ்னம் அவரை அனுப்பினார். நம் கோபாலை வேலைக்கு வைத்தது மாதிரி.

முன்னே டிரைவரின் தலை மரத்தில்தான். பெர்சிமன் என்று ஒரு மரம், நம் கருங்காலிக்குப் பங்காளி முறை. 1993 மாஸ்டர்ஸ் போட்டியில்கூட லாங்கர் என்பவர் மரத்தலை டிரைவரோடு ஜெயித்தார். இப்போது எல்லாம் டைட்டானியம்.

சாம்பியன்கள் எதை எடுக்கிறார்கள் என்பதில் பாதி கம்பெனிப் பணம்தான் பேசுகிறது. 2016இல் நைக்கி மட்டை செய்வதையே நிறுத்தியதும், அவர்கள் மட்டையால் ஆடிக்கொண்டிருந்த புரூக்ஸ் கோப்காவுக்கு அந்தக் கட்டு அவிழ்ந்தது. இரும்புத்தலை மட்டை ஒரு கம்பெனி, டிரைவர் ஒரு கம்பெனி, பட்டர் வேறொன்று என்று பொறுக்கி வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு வருஷமும் அமெரிக்க ஓபன் ஜெயித்தார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது டைகர் உட்ஸின் பட்டர். மேஜர் என்கிற பெரிய போட்டிகளில் அவர் வாங்கிய 15 பட்டத்தில் 14, ஸ்காட்டி கேமரன் என்கிற கம்பெனியின் அந்த ஒரே பட்டரால் வந்தவை. 2010 பிரிட்டிஷ் ஓபனில் அதை விட்டுவிட்டு நைக்கியின் புதுப் பட்டரை எடுத்தார். மூன்று நாளும் பந்து குழியைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. நாலாம் நாள் பழசுக்கே திரும்பிவிட்டார். நம்ம ஊர் நாயனக்காரர் ஒரு கொத்துச் சீவாளியைத் தொங்கவிட்டிருந்தாலும் தோடி என்றால் கை தானாக ஒன்றைத் தேடிப் போகுமே, அப்படி.

அதைப் பார்த்ததும் உன் பூப்பந்து மட்டை ஞாபகம் வந்துவிட்டது, சீனு. நரம்பு தொய்ந்து, பிடியில் உங்கள் அம்மாவின் புடவைக் கிழிசலைச் சுற்றி வைத்திருப்பாயே, அது. 1979 மண்டல ஃபைனலில் பி.டி. சார் அதைப் பிடுங்கி வைத்துவிட்டுப் புது மட்டையைக் கையில் திணித்தார். நீ அடித்த பந்தெல்லாம் வலையில். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். அவர் போய்ச் சேர்ந்த அன்றுகூட நீ சொன்னாய், என் காதில் விழுந்தது.

அவராக எடுக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நான்தான் அவரிடம் போய்ச் சொன்னேன், அந்தக் கந்தல் மட்டையோடு கும்பகோணத்துக்காரன் முன்னால் நின்றால் மானம் போகும் என்று. நல்லதற்குத்தான் சொன்னேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக்க உண்மை இல்லை. எல்லோரும் உன்னையே பார்க்கிறார்களே என்று இருந்தது.

திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு. போனில் வேண்டாம், நேரில் வந்து திட்டு. மாசிமகத்துக்கு எப்படியும் மகாமகக் குளத்துக்கு வருவாய்தானே?

களத்தில் நின்று நேற்று ஒரு அடி அடித்தேன். பந்து வரப்பைத் தாண்டி உளுந்துக்குள் போய்விட்டது. செடியை மிதித்துத் தேடாதே, பறிக்கும்போது கிடைக்கும் என்கிறாள் மங்களம்.

உன்
ராஜு