நார்மாவையும் சேர்த்தே கான்ஸ்டன்டைனை நினைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்கிந்தியத் தீவுகளின் பழைய கிரிக்கெட் வீரர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் லியரி கான்ஸ்டன்டைனுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தமைக்கு நன்றி. அவருடைய வேகப்பந்து, அதிரடி மட்டையாட்டம், எந்த இடத்தில் நிறுத்தினாலும் சோடை போகாத பீல்டிங் ஆகியவற்றைக் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் 1927இல் அவரை மணந்து, ஏறத்தாழ 44 ஆண்டுகள் உடன் வாழ்ந்த நார்மாவின் பெயரோ, அவர்களுடைய ஒரே மகள் குளோரியாவின் பெயரோ அதில் இல்லை. அவ்விருவரையும் விட்டுவிட்டுக் கான்ஸ்டன்டைனின் வாழ்க்கையைச் சொன்னால் அதில் பாதிக்கு மேல் விடுபட்டுப் போகும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1901இல் டிரினிடாட் தீவில் பிறந்த அவருக்குக் கிரிக்கெட் வீட்டிலேயே கிடைத்தது. தாய் அனெய்ஸ், அடிமைகளாக இருந்தவர்களின் மகள். தந்தை லெப்ரன் கொக்கோத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். 1900இல் இங்கிலாந்து சென்ற மேற்கிந்திய அணியில் இடம் கிடைத்தும் பயணத்துக்குப் பணமில்லாமல் நின்றவரை, ஊர்மக்கள் பணம் திரட்டி, புறப்பட்டுவிட்ட கப்பலைப் படகில் துரத்திச் சென்று ஏற்றிவிட்டார்கள் என்பது அந்தத் தீவில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. அவர் லார்ட்ஸ் மைதானத்தில் சதமடித்துத் திரும்பினார். அவர்கள் வீட்டு முற்றத்தில் பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்து ஆடினார்கள். விக்கெட் கீப்பராக நின்றது தாய். பின்னாளில் தந்தையும் மகனும் டிரினிடாட் அணிக்காக ஒரே ஆட்டத்தில் இறங்கியதும் உண்டு.

1929இல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள நெல்சன் என்னும் நெசவாலை ஊரின் கிளப், கான்ஸ்டன்டைனைத் தொழில்முறை ஆட்டக்காரராக அமர்த்திக்கொண்டது. கறுப்பர்களை நேரில் கண்டே இராதவர்கள் மிகுந்திருந்த அவ்வூரில் சிறுவர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். வசைபாடும் மொட்டைக் கடிதங்களும் வந்தன. குளிரும் தனிமையும் தாங்காமல், முதல் பருவம் முடிந்ததும் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மனம் தளர்ந்த கணவரைத் தேற்றி இருக்கச் செய்தவர் நார்மா. அந்த முதல் பருவத்தையும் சேர்த்து அவர் நெல்சனுக்காக மொத்தம் ஒன்பது பருவங்கள் ஆடினார். அவற்றுள் ஏழில் அந்தக் கிளப் லீக் பட்டத்தை வென்றது. குளோரியா அவ்வூர்ப் பிள்ளைகளோடு வளர்ந்தாள். 1932இல் டிரினிடாடிலிருந்து வந்த எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் தங்கி எழுதியதும் மெரிடித் தெருவில் இருந்த அவர்களுடைய வீட்டில்தான். ஒருவர் சம்பாத்தியத்தில் நடந்த வீட்டில் இன்னொருவருக்கும் சோறிட்டு, அவருடைய முதல் நூல் அச்சேறப் பணமும் கொடுத்த குடும்பம் அது.

எனக்கு அவர்மீது உள்ள மதிப்புக்கு முதன்மையான காரணம் 1943இல் நடந்தது. போர்க்காலத்தில் மேற்கிந்தியத் தொழிலாளர்களின் நல அதிகாரியாக லிவர்பூலில் பணியாற்றிவந்த அவர், லார்ட்ஸில் ஓர் ஆட்டத்துக்காக லண்டனில் நான்கு இரவுகள் தங்குவதற்கு இம்பீரியல் ஹோட்டலில் முன்பதிவு செய்து, நார்மாவுடனும் 15 வயது மகளுடனும் வந்து சேர்ந்தார். கறுப்பர்கள் தங்கினால் அங்குள்ள வெள்ளை அமெரிக்கப் படையினருக்குப் பிடிக்காது என்று கூறி, ஓர் இரவுக்கு மேல் இடமில்லை என்றார்கள். தன்னை மட்டும் அவமதித்திருந்தால் அவர் பொறுத்திருக்கக்கூடும். அதுவரை எத்தனையோ முறை பொறுத்தவர்தான். மனைவியும் மகளும் அருகில் நிற்கக் கேட்ட அந்தச் சொற்களை அவரால் விழுங்க முடியவில்லை என்றே நான் கருதுகிறேன். இனப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் எதுவும் இல்லாத அந்நாளில், விடுதி நடத்துபவர் தக்க காரணமின்றிப் பயணியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்னும் பழைய பொதுச்சட்ட விதியைப் பற்றிக்கொண்டு அவர் வழக்குத் தொடுத்தார். 1944இல் நீதிபதி பர்கெட் அவர் பக்கமே தீர்ப்பளித்தார். இழப்பீடு வெறும் 5 கினிதான் (கினி என்பது பழைய ஆங்கிலப் பணக் கணக்கு; ஒரு பவுண்டைவிடச் சற்றே கூடுதல்). ஆனால் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு இழைக்கப்பட்டது தவறு என்று ஆங்கில நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

பின்னர் அவர் 50 வயதைத் தாண்டி வழக்கறிஞரானதும், டிரினிடாடில் அமைச்சராகவும் பிறகு லண்டனில் அந்நாட்டின் ஹை கமிஷனராகவும் (தூதராகவும்) இருந்ததும், 1969இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் கறுப்பரானதும் பலரும் எழுதியவை. 1963இல் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பர்களையும் ஆசியர்களையும் பேருந்து ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு எடுக்க மறுத்தபோது, தூதருக்கு இது பொருந்தாது என்று தம் அரசே முகம் சுளித்தும் அவர் அதை எதிர்த்துப் போராடியவர்கள் பக்கம் நின்றதை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1971 ஜூலை 1 அன்று அவர் லண்டனில் காலமானார். டிரினிடாட் அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது. இரண்டே மாதங்களில் நார்மாவும் மறைந்தார்.

தங்கள் தொடரில் இனி வரும் வீரர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் எடுத்த ஓட்டங்களோடு அவர்களுடைய வீட்டாரையும் கட்டுரையாளர் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இயன்றால் நார்மா கான்ஸ்டன்டைனைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி